ஓயாது விழித்திருக்கும் வீட்டுக் கணினி: மின்செலவு குறைந்த கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

இராஜபாளையத்திலிருந்து மேற்கே, மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து மலையடிவாரத்தை நோக்கிச் சென்றால் அய்யனார் கோவிலை அடையலாம். அங்கு எழுந்தருளியுள்ள தெய்வத்திற்கு நீர்காத்த அய்யனார் என்று பெயர். மழைக்காலத்தில் கோவிலை ஒட்டிய ஆறு பெருக்கெடுத்து ஓடும்போது, ஆற்றைக் கடக்க வேண்டாமென்று பக்தர்களைத் தடுத்து நிறுத்துவது வழக்கம். ஆயினும் அத்தகைய வெள்ளம் ஆண்டில் சில நாள்களுக்கே உரியது. இராஜபாளையத்து மக்களின் தாகத்தைத் தீர்ப்பது அந்த ஒரு நாள் வெள்ளமன்று. ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கி வைக்கப்பட்டு, நாள்தோறும் அளவாக ஊருக்கு வரும் நீரேயாகும். அந்நீர் வரும் குழாயில் சிறு கசிவு ஏற்பட்டாலும், இரவும் பகலும் ஒழுகி, ஒரு மாதத்தில் அது பெருநஷ்டமாகிவிடும் என்பதை நாம் அறிவோம்.

நீரின் இக்கணக்கு மின்சாரத்திற்கும் பொருந்தும். வீட்டில் இரவு பகலாக அணையாமல் இருக்கும் ஒரு கருவியை வாங்கும்போது, அது உச்ச வேகத்தில் எவ்வளவு வேலை செய்யும் என்று மட்டும் பார்ப்பது, வெள்ளத்தைப் பார்த்து ஆற்றை மதிப்பிடுவதை ஒக்கும். வேலையின்றி இருக்கும்போது அது எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த ஒரு கருத்தை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

சர்வர் என்பது யாது?

உணவு விடுதியில் நாம் கேட்டதைக் கொண்டு வந்து இலையில் பரிமாறுபவரைச் சர்வர் என்கிறோம். கணினி உலகிலும் அப்பெயருக்கு அதே பொருள்தான். பிற கருவிகள் கேட்கும் கோப்புகளையும் படங்களையும் கணக்குகளையும் எடுத்து வழங்குவதற்காகக் காத்திருக்கும் கணினியே சர்வர். எப்பொழுது யார் கேட்பார் என்று தெரியாதாதலின், அது ஓயாது விழித்திருக்க வேண்டியதாகிறது.

இது நம் போன்றோர் வீட்டிற்கு எதற்கு என்ற ஐயம் எழக்கூடும். ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை அய்யனார் கோவில் சாலையில் மாந்தோப்பைப் பராமரிக்கிறார். மகன் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிகளை நடத்துகிறார். தோப்பின் மழை அளவு, மோட்டார் ஓடிய நேரம், மண்டியில் கொடுத்த எடைச் சீட்டு, நூல் வாங்கிய ரசீது, கூலிக் கணக்கு, வீட்டுத் திருமணப் படங்கள் ஆகிய யாவும் இந்நாளில் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிடுகின்றன. அக்கைப்பேசி கிணற்றில் விழுந்தால் பத்தாண்டுக் கணக்கும் அதனுடன் விழுந்ததேயாகும். மண்டிக்காரருடன் தகராறு நேருமாயின், அப்பொழுது காட்டுவதற்குச் சீட்டின் படமும் இராது. வீட்டில் ஒரு சிறு சர்வர் இருப்பின், குடும்பத்தார் அனைவருடைய கைப்பேசிகளிலிருந்தும் நாள்தோறும் ஒரு படி தானாகவே அங்கு வந்து சேரும்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்துவது கடமை. சங்கத்தின் கணக்குகளை வைப்பதற்கு இது இடமன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ரூ. 2,516 கோடி மதிப்பில் ஒரு திட்டத்தை ஏற்றது. சுமார் 63,000 சங்கங்கள் அதில் அடங்கும். அத்தகைய கணக்குகள் அவற்றிற்குரிய முறையிலேயே இருக்க வேண்டும். நாம் பேசுவது வீட்டுப் பெட்டகத்தைப் பற்றியே.

ஒரு வாட்டின் கணக்கு

மின்சாரத்தின் வேகத்தை வாட் என்றும், செலவான அளவை யூனிட் என்றும் கூறுகிறோம். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை வைத்துக்கொண்டு, ஒரு வாட் மட்டும் உண்ணும் கருவியை அணைக்காமல் விட்டால் எவ்வளவு ஆகும் என்று பார்ப்போம்.

இரு மாதங்களுக்கு, அதாவது 60 நாள்களுக்கு, 1.44 யூனிட். ஓராண்டுக்கு 8.76 யூனிட். ஒரு யூனிட்டின் விலை ரூ. 5 என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், ஒரு வாட்டுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 44 ரூபாய். இந்த எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்ற யாவும் வாய்க்கணக்காகிவிடும்.

தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. 2023-ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளருக்கான கட்டணமில்லா அளவு 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறியாளருக்கு 750-லிருந்து 1,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. இச்சலுகைகளின் அருமையை நம் அங்கத்தினருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இப்பொழுது ஒரு கணக்கைக் கவனியுங்கள். பழைய மேசைக் கணினி ஒன்று 70 வாட் உண்ணுமாயின், 60 நாள்களில் அது விழுங்குவது 100.8 யூனிட். அதாவது ஒரு வீட்டிற்குக் கிடைத்த கட்டணமில்லா 100 யூனிட்டையும், மூலையில் கிடக்கும் அந்தப் பெட்டி ஒன்றே தின்று தீர்த்துவிடும். அதன் பின்னர் விளக்கு, மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம் ஆகிய யாவும் விலை கொடுத்து வாங்கும் மின்சாரத்திலேயே ஓட வேண்டும். அன்றியும், மின்கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் அமைந்திருப்பதால், ஒரு படியைத் தாண்டச் செய்யும் யூனிட்டுகள் மற்றவற்றைவிட அதிக விலையுடையவை.

அதே வேலையை 5 வாட்டில் முடிக்கும் கருவிக்கு இரு மாதங்களுக்கு 7.2 யூனிட் போதும்.

சும்மா இருக்கும் நேரமே பெரிது

வீட்டுச் சர்வர் ஒன்று நாளின் 24 மணியில் உண்மையாக உழைப்பது ஓரிரு மணி நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் காத்திருத்தலே அதன் தொழில். ஆதலின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வேகத்தை இரண்டாவதாகவும், ஓய்வு நிலை வாட்டை முதலாவதாகவும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, மின்வழங்கிப் பெட்டியின் மேல் எழுதியுள்ள எண். 27 வாட் என்று எழுதியிருந்தால், அதிகபட்சம் அவ்வளவு கொடுக்க வல்லது என்றே பொருள். எப்பொழுதும் அவ்வளவு செலவாகும் என்பதன்று. மற்றொன்று, செயலியின் விவரத்தில் காணும் வாட். அது செயலியின் வெப்ப அளவைக் குறிப்பதேயன்றி, நினைவகம், தட்டு, மின்விசிறி, மின்வழங்கியின் இழப்பு ஆகியவை சேர்ந்த முழுக் கணக்கன்று. சுவரிலுள்ள பிளக்கில் வாட் மீட்டரைச் செருகி, அதன் வழியாகக் கருவியை இணைத்துப் பார்ப்பதே மெய்யான அளவு.

மின்வழங்கியைப் பற்றியும் ஒரு சொல். 500 வாட் தரவல்ல பெரிய மின்வழங்கியைப் பொருத்தி அதில் 20 வாட் மட்டும் எடுத்தால், அதன் திறன் குறைந்து வீணாகும் பங்கு மிகும். ஒரு மூட்டை மாங்காயை ஏற்றுவதற்கு லாரி பிடித்தது போலாகும் அது.

நான்கு வகைக் கருவிகள்

முதல் வகை, பழைய மேசைக் கணினி. திரை இல்லாமலேயே ஓய்வு நிலையில் பெரும்பாலும் 40 முதல் 80 வாட் வரை உண்ணும். சும்மா கிடைத்தாலும் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் விலை கூடியது இதுவே.

இரண்டாம் வகை, பழைய மடிக்கணினி. மின்கலத்தில் நெடுநேரம் ஓட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டதாதலின், திரையை அணைத்துவிட்டால் பெரும்பாலும் 8 முதல் 20 வாட்டுக்குள் அடங்கும். மின்தடை ஏற்பட்டால் அதன் மின்கலமே துணை நிற்கும். எனினும், ஆண்டுக்கணக்கில் முழு மின்னேற்றத்திலேயே இருக்கும் பழைய மின்கலம் உப்பிப் போவதுண்டு. அது தீ விபத்திற்கு இடமாகும். மின்னேற்றத்தை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருப்பின் அதைப் பயன்படுத்த வேண்டும். உப்பிய மின்கலத்தை உடனே அகற்ற வேண்டும்.

மூன்றாம் வகை, ஒற்றைப் பலகைக் கணினி. உள்ளங்கையளவு பலகையில் முழுக் கணினியும் அமைந்திருக்கும். இவற்றுள் பெயர் பெற்ற ராஸ்பெரி பை, மாணவர்கள் கணினி கற்பதற்காக இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி 35 டாலர் விலையில் வெளிவந்தது. 2019-இல் வெளியான நான்காம் மாதிரி ஓய்வில் சுமார் 3 வாட்டும், முழு உழைப்பில் 6 அல்லது 7 வாட்டும் கொள்ளும். அதற்கு முந்தைய மாதிரிகளில் வலைக்கம்பியும் யூ.எஸ்.பி. துளைகளும் ஒரே குறுகிய பாதையைப் பங்கிட்டுக்கொண்டன. கோப்புகளைச் சேமிக்கும் பணிக்கு அவை மந்தமானவை. ஆகவே பழையதை வாங்குவோர் நான்காம் மாதிரிக்குக் கீழே செல்லாதிருத்தல் நலம்.

இக்கருவிகளின் சிக்கனத்திற்கு மூலம், அவற்றிலுள்ள ஆர்ம் வகைச் செயலி. அதுவும் கேம்பிரிட்ஜில் பிறந்ததே. அக்கார்ன் என்ற கம்பெனியில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவர் வடிவமைத்த முதற் செயலி 1985-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்து சேர்ந்தது. விலை மலிந்த பிளாஸ்டிக் உறையில் அடைக்கும்படி, வெப்பம் குறைவாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். சோதிக்கும்போது செயலி சரியாக இயங்கியது; ஆனால் மின்னோட்ட மானியோ சுழியத்தைக் காட்டியது. ஆராய்ந்தபோது, செயலிக்குரிய மின்னிணைப்பே கொடுக்கப்படவில்லை என்பதும், மற்றக் கம்பிகளின் வழியே கசிந்த சிறு மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது என்பதும் தெரியவந்தன. சிக்கனம் ஒரு நோக்கமாக இருந்தால் அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது சான்று.

நான்காம் வகை, மினி பி.சி. எனப்படும் சிறு பெட்டிக் கணினி. 2023-இல் வெளியான இன்டெல் என்100 போன்ற செயலி கொண்டவை, சுவர் பிளக்கில் அளந்தால் ஓய்வில் பெரும்பாலும் 6 முதல் 12 வாட் கொள்ளும். ஒற்றைப் பலகையைவிடச் சற்று மிகுதியே. ஆயினும் பெட்டி, மின்வழங்கி, உள்ளேயே பொருத்தப்பட்ட தட்டு ஆகிய யாவும் சேர்ந்து வரும். பலகைக்கு இவற்றைத் தனித்தனியே வாங்கிக் கூட்டினால், இரண்டின் விலையும் நெருங்கிவிடுவதுண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது? கோப்புச் சேமிப்பு, படச் சேமிப்பு, தோப்பிலுள்ள கருவிகளின் அளவுகளைக் குறித்தல் ஆகியவற்றிற்கு ஒற்றைப் பலகை போதும். கண்காணிப்புக் கேமராக்கள் பலவற்றின் படத்தைப் பதிதல், பலர் ஒரே நேரத்தில் காணொளி பார்த்தல் போன்றவற்றிற்குச் சிறு பெட்டிக் கணினி ஏற்றது. எந்த வகையாயினும் கம்பியில்லா இணைப்பை நம்பாமல், ரௌட்டருடன் கம்பியால் இணைப்பது உறுதியானது.

சேமிக்கும் தட்டு

பலகைக் கணினிகள் பலவும் மெமரி கார்டிலிருந்தே இயங்கும். ஓயாது எழுதி அழிக்கப்படுவதை அச்சிறு அட்டை நெடுங்காலம் தாங்காது. ஒரு நாள் முன்னறிவிப்பின்றிக் கைவிடும். ஆதலின் கணக்குகளை எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத தட்டில் வைப்பது நன்று. அதற்கு ஓய்வில் பெரும்பாலும் ஒரு வாட்டும் தேவைப்படாது. சிறிய அளவுச் சுழலும் ஹார்ட் டிஸ்க் 1 அல்லது 2 வாட்; பெரிய அளவினது 4 முதல் 8 வாட். 3 வாட் பலகையை ஆய்ந்து வாங்கிவிட்டு, அதனுடன் 8 வாட் தட்டை ஓயாது சுழல விடுவோமாயின், மாட்டைவிட மூக்கணாங்கயிறு கனத்த கதையாகிவிடும்.

எத்தட்டாயினும் ஒன்று மட்டும் போதாது. இரண்டாவது தட்டு ஒன்றில் மாதம் இருமுறை படியெடுத்து, கழற்றி, வேறொரு வீட்டில் வைத்தல் வேண்டும். கழற்றி வைத்த தட்டு மின்சாரம் உண்பதில்லை. இடியும் அதைத் தாக்குவதில்லை.

மின்தடையும் வில்லியனூர் அனுபவமும்

மின்செலவு குறைந்த கருவிக்கு மற்றொரு பெரும் நன்மை உண்டு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் அடங்குவது 84 வாட்-மணி. மின்கலத்தின் ஆயுளைக் கருதிப் பாதியை மட்டும் எடுத்தால் 42. அதைக்கொண்டு 70 வாட் கணினி அரை மணி நேரம் ஓடுவதே அரிது; 6 வாட் கருவியோ சுமார் 6 மணி நேரம் விழித்திருக்கும்.

இவ்வுண்மையை நம் தமிழ் மண்ணில் முன்னரே செய்து காட்டியவர்கள் உண்டு. 1998-ஆம் ஆண்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கினர். வில்லியனூரை நடுமையமாகக் கொண்டு, விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் வேண்டிய செய்திகள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தைப் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியின் வழியே மீனவர்களுக்கு எட்டியது. அக்காலத்துக் கிராம மின்சாரத்தை நம்ப இயலாதாதலின், மையங்களுக்குச் சூரிய மின்தகடுகளின் துணையும் தேடப்பட்டது. கடலுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு விடை வேண்டிய விடியற்காலையில் மின்சாரம் இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த கணினியும் வெறும் பெட்டியே. ஓயாத பணிக்குரிய கருவியையும் அதற்குரிய மின்சாரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது அவ்வனுபவம் தரும் பாடம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மின்கலம் தருவது நேர்மின்சாரம். கணினி உண்பதும் நேர்மின்சாரமே. இடையில் இன்வெர்ட்டர் அதை மாறுமின்சாரமாக்க, கணினியின் மின்வழங்கி மீண்டும் நேர்மின்சாரமாக்குகிறது. இரு மாற்றங்களிலும் இழப்பு நேர்கிறது. இவ்விழப்பைத் தவிர்க்கச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் 48 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டிற்குள்ளேயே வழங்கும் முறையை உருவாக்கினர். நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. ரௌட்டருக்கும் பலகைக் கணினிக்குமென விற்கப்படும் சிறு நேர்மின் யு.பி.எஸ். கருவியை, வோல்ட் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கினாலே போதும்.

பஞ்சு, வெப்பம், இடி

நம் பகுதிக்கே உரிய மூன்று பகைகளைக் கூறி முடிக்கிறோம். தறியும் ஆலையும் உள்ள ஊர்களில் காற்றில் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். மின்விசிறி உள்ள கணினி அதை உள்ளிழுத்து, சில மாதங்களில் மெத்தை கட்டிக்கொள்ளும். ஆகவே விசிறியின்றி, உலோக உறையின் வழியே குளிரும் கருவி நெசவாளர் வீட்டிற்கு ஏற்றது. வாட் குறைந்தால்தான் விசிறியில்லாமல் வாழ முடியும் என்பதை நினைவில் கொள்க. கோடை வெப்பத்தில் தகரக் கூரையின் கீழும், மூடிய அலமாரியிலும் கருவியை வைத்தல் ஆகாது. மலையடிவாரத்தில் இடி மிகுதி. நல்ல நில இணைப்பும், மின்னெழுச்சி தடுக்கும் பிளக்கும் வேண்டும். இடி முழங்கும்போது இணைய இணைப்பு செப்புக் கம்பியாயின் அதையும் கழற்றிவிடுவது நன்று.

சங்கம் செய்யத்தக்கது

வாட் மீட்டர் ஒவ்வொரு வீட்டிற்கும் தேவைப்படும் பொருளன்று. ஒரு முறை அளந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஆகவே சங்கம் ஒன்றை வாங்கி, அங்கத்தினருக்கு ஒரு வாரம் இரவல் தரலாம். கணினிக்கென வாங்கிய அதே மீட்டர், பழைய குளிர்ப்பெட்டியும், அணைத்த பின்னும் மின்சாரம் உண்ணும் தொலைக்காட்சிப் பெட்டியும் எவ்வளவு விழுங்குகின்றன என்பதையும் காட்டிக்கொடுக்கும். சிறுதுளி பெருவெள்ளம் என்ற பழமொழியைச் சேமிப்பிற்கு எடுத்துக்காட்டாக நாம் பலமுறை கூறியிருக்கிறோம். அது கசிவிற்கும் பொருந்தும்.

பயிற்சி வினாக்கள்

1. 'அ' என்ற கருவி ஓய்வில் 4 வாட், உழைப்பில் 9 வாட் கொள்ளும். நாளின் வேலையை 2 மணியில் முடிக்கும். 'ஆ' என்ற கருவி ஓய்வில் 9, உழைப்பில் 25 வாட் கொள்ளும். அதே வேலையை 1 மணியில் முடிக்கும். 60 நாள் செலவு என்ன? (விடை: 'அ' 6.36 யூனிட், 'ஆ' 13.92 யூனிட்.)

2. 'ஆ' கருவி வீட்டில் முன்னரே இருக்கிறது. 'அ' கருவியின் விலை ரூ. 7,000. யூனிட் ரூ. 5 எனின், மின்செலவை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் 'அ'வை வாங்கலாமா? (விடை: ஆண்டு மிச்சம் சுமார் 46 யூனிட், ரூ. 230. போட்ட முதல் திரும்ப 30 ஆண்டுகளாகும். வாங்க வேண்டாம்; இருப்பதைப் பயன்படுத்துக.)

3. 6 வாட் சர்வருடன் 8 வாட் ரௌட்டரும் 42 வாட்-மணி மின்கலத்தில் ஓடினால் எவ்வளவு நேரம் தாங்கும்? (விடை: இழப்பு நீங்கலாக 3 மணி. ரௌட்டரைக் கணக்கில் மறவாதீர்.)

4. உங்கள் வீட்டில் அணையாமல் இருக்கும் கருவிகள் யாவை? அவற்றுள் எவை உண்மையிலேயே விழித்திருக்க வேண்டியவை? படிப்பு வட்டத்தில் கலந்து பேசுக.